கண்ணுக்குள் ஓடிய வாய்க்கால்

அக்கா போன் பண்ணும்போது ராத்திரி பத்தரை மணி. "தம்பி, காதுக்குள்ள மோட்டார் ஓடுற மாதிரி இருக்குங்கிறான்டா. ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல. கண்ணும் கோவைப்பழமா செவந்து கெடக்கு. சொட்டு மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது."

அக்கா மகன், என் மருமகன், பைக்கிலிருந்து விழுந்து அன்றைக்கு இருபத்திரண்டாவது நாள். ஆவணி மாசம், கப்பலூர் தாண்டி வரும்போது நாய் குறுக்கே பாய்ந்து சறுக்கிவிட்டது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. ஸ்கேனில் மண்டையோட்டின் அடிப்பகுதியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை. நாலு நாள் படுக்க வைத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அக்கா பாண்டி முனிக்குப் பொங்கல் வைத்தாள்.

இரண்டாவது வாரம் இடது கண் சிவந்தது. ஒரு இடத்தில் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து. அதற்குக் கேட்கவில்லை என்று இன்னொரு இடத்தில் வேறு சொட்டு மருந்து. இரண்டு இடத்திலும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சமீபத்தில் எங்காவது விழுந்தாயா என்று யாரும் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. கண் சிவப்புக்கும் மூன்று வாரத்துக்கு முன்னால் விழுந்ததற்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மதுரையில் ஒரு கேத் லேபில் பதினெட்டு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தக்குழாய்க்குள் வயர் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. மோட்டார் சத்தம் என்று அக்கா சொன்ன உடனே வண்டியை எடுத்தேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தான். இடது கண் முன்னால் பிதுங்கி, வெள்ளைவிழி முழுக்க ரத்தக்குழாய்கள் சுருண்டு சிவந்திருந்தது. மெட்ராஸ் ஐயில் வரும் சிவப்பு வேறு. அதில் பீளை கட்டும், கண் கரகரக்கும். இவனுக்குப் பீளை இல்லை. கருவிழியின் ஓரத்திலிருந்து திருகுசுருளாக ரத்தக்குழாய்கள் கிளம்பி ஓடின. "மாமா, தொழுவத்துல நம்ம காளைக்கு நாலு கொம்பு தெரியுது" என்றான். இடது பக்கம் பார்க்கச் சொன்னேன். வலது கண் வந்தது. இடது கண் நட்ட நடுவில் நின்றது, அசையவில்லை.

"கண்ண மூடுய்யா" என்று சொல்லி, ஸ்டெத்தை அந்த இமைமேல் மெதுவாக வைத்தேன். உஷ்ஷ்... உஷ்ஷ்... உஷ்ஷ்... இன்னொரு கையால் அவன் மணிக்கட்டில் நாடி பிடித்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு உஷ். வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டு பாயும்போது வருகிற அதே இரைச்சல். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "காலையில அஞ்சு மணிக்குக் கெளம்பணும்க்கா, வெறும் வயித்தோட" என்று மட்டும் சொன்னேன்.

என்ன நடந்திருந்தது என்பதைச் சொல்கிறேன். கழுத்தின் இரு பக்கமும் விரல் வைத்தால் துடிக்கிறதே, அதுதான் கரோட்டிட் தமனி. உடம்பின் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அதில் பெரும்பங்கைச் சுமப்பவை இந்த இரண்டு தமனிகள். குரல்வளை உயரத்தில் ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைக்கும். வெளிக்கிளை முகத்துக்கு. உட்கிளை எங்கேயும் கிளை விடாமல் நேரே மண்டையோட்டின் அடியில் உள்ள எலும்புத் துளைக்குள் நுழைந்து, கண்ணுக்குப் பின்னால் கேவர்னஸ் சைனஸ் என்ற இடத்தைக் கடந்து மூளைக்குப் போகும். கேவர்னஸ் சைனஸ் என்பது அசுத்த ரத்தம் தேங்கி வடிகிற ஒரு குட்டை. உடம்பில் வேறெங்கும் ஒரு பெரிய தமனி சிரைக்குள்ளேயே மூழ்கி நடப்பதில்லை. அங்கே எலும்பு விரிசல் விட்டோ, இழுபட்டோ தமனியில் ஓட்டை விழுந்தால் ரத்தம் வெளியே கொட்டாது. குட்டைக்குள் பாயும். குட்டை நிரம்பி, கண்ணிலிருந்து வடிய வேண்டிய ரத்தத்தைத் திருப்பிக் கண்ணுக்கே தள்ளும். கண் பிதுங்குவது, சிவப்பது, இரைச்சல் எல்லாம் அதனால்தான். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு அந்தக் குட்டைக்குள்ளேயே ஓடுவதால் முதலில் நசுங்குவது அதுதான். விட்டுவிட்டால் பார்வை போகும். சிலருக்கு மூக்கு வழியாகவோ மூளைக்குள்ளோ ரத்தம் உடைத்துக்கொள்ளும்.

கரோட்டிட் என்ற பெயரே மயக்கம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் அழுத்தினால் ஆள் மயங்கிவிடுவான் என்பது பழைய காலத்திலேயே தெரிந்திருந்தது. தெரிந்தும் வேறு வழி இருக்கவில்லை. 1552-ல் பிரான்சில் ஆம்ப்ரோய்ஸ் பாரே, கழுத்தில் வாள்வெட்டுப் பட்ட ஒரு சிப்பாய்க்கு இந்தத் தமனியைக் கயிறு போட்டுக் கட்டினார். உயிர் தப்பியது, பேச்சும் ஒரு பக்கக் கை காலும் போயின. 1803-ல் டோனன்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில், தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்ட ஒரு மாலுமிக்கு டேவிட் ஃபிளெமிங் அதே மாதிரி கட்டினார். அவன் பழுதில்லாமல் எழுந்தான். 1809-ல் லண்டனில் பெஞ்சமின் டிராவர்ஸ், கண் பிதுங்கித் துடித்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கழுத்துத் தமனியைக் கட்டினார், அவள் பிழைத்தாள். என் மருமகனுக்கு வந்த அதே வியாதிதான் என்று இன்று படித்தால் தெரிகிறது.

ஒருவனுக்குப் பக்கவாதம் வருகிறது, ஒருவன் எழுந்து நடக்கிறான். காரணம் மூளையின் அடியில் இருக்கிறது. இடது, வலது, பின்பக்கத் தமனிகள் அங்கே ஒரு வளையமாக இணைகின்றன. வளையம் நன்றாக அமைந்தவருக்கு ஒரு கரோட்டிடை மூடினாலும் மற்றது ஈடுகொடுக்கும். எல்லாருக்கும் அது முழு வளையமாக அமைவதில்லை. ரத்தத்தை நிறுத்த வேண்டும், ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நானூறு வருஷத்துக்கு மேல் வைத்தியர்கள் திண்டாடியிருக்கிறார்கள்.

எங்கள் அப்பா கண்மாய்ப் பாசன விவசாயி. கரையில் பொந்து விழுந்து கசிந்தால் அப்பா வெளிப்பக்கம் மண் கொட்ட மாட்டார். எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விடும். உள்பக்கம் இறங்கி, வைக்கோல் பிரியைச் சுருட்டி, தண்ணீரில் மெல்ல விடுவார். இழுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீரே அதை இழுத்துக்கொண்டு போய்ப் பொந்தில் செருகும். பிறகுதான் மண்மூட்டை. வைகைக் கரை உடைந்து பிட்டுக்கு மண் சுமந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1930-வாக்கில் அமெரிக்காவில் பார்னி புரூக்ஸ் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். கழுத்தில் கரோட்டிடைத் திறந்து ஒரு தசைத் துண்டை உள்ளே விட்டார். ஓட்டம் அதை ஓட்டைக்கு இழுத்துச் சென்றது. ஆனால் துண்டு கையை விட்டுப் போனால் போனதுதான். மூளைப் பக்கம் போய்விட்டால் திரும்பக் கூப்பிட முடியாது.

பிடி விடாமல் ஓட்டத்தோடு அனுப்புகிற வழியைக் கண்டவர் மாஸ்கோவில் புர்தென்கோ நிறுவனத்தின் நரம்பு அறுவை நிபுணர் ஃபியோதர் செர்பினென்கோ. 1959 மே தினத்தன்று செஞ்சதுக்கத்தில் குழந்தைகள் நூல் கட்டிய பலூன்களை இழுத்தும் விட்டும் விளையாடுவதைப் பார்த்திருக்கிறார். நூலின் அசைவுக்குப் பலூன் வளைந்து கொடுத்துப் போவது மனசில் தங்கிவிட்டது. பத்து வருஷம் கழித்து, மெல்லிய குழாயின் நுனியில் குட்டிப் பலூனைக் கட்டி மூளைத் தமனிகளுக்குள் அனுப்பினார். 1974-ல் அமெரிக்க இதழொன்றில் அவர் கட்டுரை வந்தபோது முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளின் அனுபவம் அதில் இருந்தது. மண்டையைத் திறக்காமல் மூளையின் ரத்தக்குழாயை வைத்தியம் பண்ணலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியது அப்போதுதான். கேத் லேபுக்கு வரும் புதுப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இது.

அவருக்கு முன்னால் வந்த இரண்டு பேருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். 1927-ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளைத் தமனிகளை எக்ஸ்ரேயில் முதல்முறை தெரிய வைத்தார். 1953-ல் சுவீடனில் செல்டிங்கர் என்ற இளைஞர், ஊசி குத்தி, ஊசி வழியே வயர் விட்டு, ஊசியை உருவிவிட்டு, வயர் மேலேயே குழாயை ஏற்றுகிற முறையைச் சொன்னார். நான் வேலை பார்க்கிற ஒவ்வொரு நாளும் முதல் காரியம் அதுதான்.

மருமகனை மேசையில் படுக்க வைத்த காலை. டாக்டர் கேட்டார், "நீங்க வெளிய இருக்கீங்களா, வேற ஆளப் போடட்டா?" நான் கன்சோல் முன்னாலேயே இருக்கிறேன் என்றேன். வலது தொடை இடுக்கில் மரப்பு ஊசி. முழு மயக்கம் இல்லை, பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்வதுதான் இதில் வசதி. 2 மில்லிமீட்டர் வழி கொண்ட ஷீத் என்ற உறைக்குழாய். அதன் வழியே குழாய் வயிற்றைத் தாண்டி, நெஞ்சின் வளைவைத் தாண்டி, இடது கரோட்டிடில் ஏறியது.

டை, அதாவது எக்ஸ்ரேயில் ரத்தக்குழாயைக் காட்டும் சாயம், போட்டோம். நல்ல தமனியில் டை ஏறினால், கண்ணுக்குப் பின்னால் பாம்பு வளைவாக வளைந்து, மேலே போய் ஆலமரம் மாதிரி கிளை விரிக்கும்; சிரைகள் தெரிய நாலைந்து வினாடி ஆகும். இவனுக்கு முதல் நொடியிலேயே வளைவின் நடுவில் ஒரு கறுப்புக் குட்டை குப்பென்று நிறைந்தது. அதிலிருந்து கண் பக்கமாகச் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு சிரை முன்னால் பாய்ந்தது. மூளைக்குப் போக வேண்டிய கிளைகள் வெளிறிக் கிடந்தன. பாய்ச்சல் அவ்வளவு வேகம். ஓட்டை எங்கே என்றே தெரியவில்லை. டாக்டர் கழுத்தில் அதே பக்கக் கரோட்டிடை விரலால் அழுத்திப் பிடிக்க, பிடரி வழியாக ஏறும் தமனியில் டை விட்டோம். பின்பக்கத்திலிருந்து ரத்தம் வளையத்தைச் சுற்றி நிதானமாக வந்து ஓட்டையில் விழுந்தது. இடம் கிடைத்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அவன் மூளையின் வளையம் நன்றாக இருக்கிறது, கடைசிவரை ஒன்றும் நடக்காவிட்டால் அந்தத் தமனியையே மூடவும் வழி உண்டு. எனக்கு மூச்சு வந்தது அப்போதுதான்.

இந்த ஓட்டையை அடைக்க இன்று பல வழி உண்டு. காயில் என்ற பிளாட்டினம் கம்பிச்சுருள்களை ஒவ்வொன்றாகக் குட்டைக்குள் சுருட்டி நிரப்பலாம். மின்சாரம் கொடுத்துப் பிரித்துவிடும் காயில் 1990-களில் வந்தது, அதைச் செய்தவர் குல்யெல்மி என்ற இத்தாலியர். துணி போர்த்திய வலைக்குழாயான ஸ்டென்ட்டைத் தமனிக்குள் விரித்து ஓட்டையை உள்ளிருந்தே ஒட்டலாம்; ஆனால் அந்த வளைவில் அது ஏறுவது கஷ்டம், வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை மாசக்கணக்கில் போட வேண்டும். பிரிந்து தங்கும் பலூன் இவற்றில் பழையது. பல நாடுகளில் வழக்கொழிந்துவிட்டது. எங்கள் லேபில் அப்போது இருந்தது. காயில் பத்து பதினைந்து தேவைப்படலாம், ஒவ்வொன்றுக்கும் விலை. பலூன் ஒன்றோ இரண்டோ போதும். கூலி வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் நிலத்தை அடகு வைப்பதா வேண்டாமா என்பது. ஓட்டை சரியான அளவில் இருந்தால் எனக்குப் பலூன்தான் பிடிக்கும்.

நெல்மணி அளவுப் பலூன். நுண்குழாயின் நுனியில் அது வளைவை நெருங்கியபோது டாக்டர் தள்ளுவதை நிறுத்திவிட்டு, கொஞ்சம் காற்றேற்றுவதுபோல டையை உள்ளே விட்டு உப்ப வைத்தார். பலூன் ஒரு கணம் ஆடியது. ரத்தம் இழுத்த இழுப்பில் தானாகவே பக்கவாட்டில் திரும்பி, ஓட்டைக்குள் நுழைந்தது. அப்பாவின் வைக்கோல் பிரியை நான் அங்கே பார்த்தேன். இன்னும் துளி, இன்னும் துளி. மறுபடி டை போட்டுப் படம் எடுப்பதற்கு முன்னாலேயே மேசையிலிருந்து குரல் வந்தது. "மாமா, மோட்டார் நின்னுருச்சு."

படம் அதைத்தான் சொன்னது. குட்டை இல்லை. ஆலமரம் முழுசாக விரிந்திருந்தது. நுண்குழாயை மெள்ள இழுக்க, பலூன் கழன்று அங்கேயே நின்றது.

எல்லாக் கரோட்டிட் காயமும் இப்படிச் சத்தம் போட்டுச் சொல்லாது. சொல்லாதவைதான் எனக்குப் பயம். துப்பட்டா பைக்கின் பின்சக்கரத்தில் சிக்கிக் கழுத்து இழுபடுகிற பெண்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம். 1927-ல் நீஸ் நகரத்தில் நாட்டியக்காரி இசடோரா டங்கன் கார்ச் சக்கரத்தில் கழுத்துத் துணி மாட்டி இறந்தது உலகச் செய்தி. நம் ரோடுகளில் அது செய்திகூட இல்லை. கழுத்தில் ஒரு சிவந்த கோடு மட்டும் இருக்கும். எழுந்து தூசி தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். உள்ளே தமனியின் உட்சுவர் கிழிந்து, அந்தக் கிழிசலில் ரத்தம் உறையும். சில மணி நேரமோ, இரண்டு மூன்று நாளோ கழித்து அந்த உறைவு பிய்ந்து மூளைக்குப் போகும்போதுதான் கை விழும், வாய் கோணும். தூக்கில் தொங்கிக் காப்பாற்றப்பட்டவர்கள், பைக்கிலிருந்து கழுத்து முறுக்கி எறியப்பட்டவர்கள் பலருக்கும் இந்த இடைவெளி உண்டு. வைத்தியம் பண்ணக் கிடைக்கிற நேரமே அதுதான். கழுத்துக்கு டை ஏற்றி எடுக்கும் ஸ்கேன், ஒரு சி.டி. ஆஞ்சியோ போதும், பெரும்பாலும் கிழிசல் தெரிந்துவிடும்.

தெரிந்த உடனே ஸ்டென்ட் வைப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். டென்வர் நகரில் வால்டர் பிஃப்ல் என்ற மருத்துவர் 1999-ல் இந்தக் காயங்களை ஐந்து படியாகப் பிரித்தார். குழாய் கால்வாசிக்கும் குறைவாகச் சுருங்கியது முதல்படி. அதற்கு மேல் சுருங்கியதும், உள்ளே உறைவோ மடிப்போ தெரிவதும் இரண்டு. சுவர் புடைத்துப் பை மாதிரி தொங்குவது மூன்று. முழுக்க அடைத்துக்கொண்டது நான்கு. அறுந்து ரத்தம் வெளியே பீய்ச்சுவது ஐந்து. முதல் இரண்டு படிக்காரர்களில் பெரும்பாலோருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினோ ஆஸ்பிரினோதான் வைத்தியம். நாளாக ஆக உட்சுவர் தானே ஒட்டிக்கொள்வதை ஆஞ்சியோவில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். வயர் தேவைப்படுவது பெரிதாகிக்கொண்டே போகும் புடைப்புக்கும், மருந்தையும் மீறி மூளைக்கு ரத்தம் குறைகிறவர்களுக்கும், ஐந்தாம் படிக்கும். கத்திக்குத்தோ மாஞ்சா நூலோ கழுத்தின் நடுப்பகுதியை அறுத்தால் சர்ஜன் நேரே திறந்து தைப்பார், அதுவே சரி. தாடை எலும்புக்கு மேலே, மண்டையோட்டை ஒட்டியும், கீழே காறை எலும்புக்குப் பின்னாலும்தான் கத்தி எட்டாது. அங்கே எங்கள் வழி.

இன்னொரு ராத்திரியையும் சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்த ஒரு பெரியவர். நாற்பது வருஷப் புகையிலை. கதிர்வீச்சில் வெந்த கழுத்துத் தசை ஆறாமல், தமனியின் சுவர் நைந்துபோயிருந்தது. முதல்நாள் சாயந்திரம் துண்டில் ஒரு கை ரத்தம், தானாக நின்றுவிட்டது. மகன் புத்திசாலி, நின்றதை நம்பாமல் கூட்டிவந்தான். இந்த முதல் கசிவு முன்னறிவிப்பு. அடுத்தது வந்தால் சில நிமிஷம்தான்.

போர்த்திய ஸ்டென்ட் வைத்தால் ஓட்டமும் நிற்காது, ரத்தமும் நிற்கும். ஆனால் சீழ் பிடித்த புண்ணுக்குள் வைக்கும் ஸ்டென்ட்டிலும் நாளைக்குச் சீழ் பிடிக்கலாம், தமனி மறுபடி உடையலாம். அந்தத் தமனியையே மூடிவிடுவது நிலைக்கும், மூளை தாங்கினால். தாங்குமா என்று பார்க்க, தமனிக்குள் பலூனை ஊதி ஓட்டத்தை அரைமணி நேரம் நிறுத்திவைத்துப் பேச்சும் கையும் சோதிப்பார்கள். நர்ஸ் அவரிடம், "ஐயா, ஒண்ணு ரெண்டு சொல்லுங்க, கையத் தூக்குங்க" என்றாள். நாக்கில் பாதி போனவர். எண்களைச் சொல்லாமல் பேரன் பேத்திகளின் பெயரை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். ஏழு பெயர். முடிந்ததும் முதலிலிருந்து. அரைமணி நேரமும் குழறலாக, ஒரு பெயர்கூட விடாமல் சொன்னார், வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி. காயில் வைத்துத் தமனியை மூடினார்கள். அவர் நோயை யாரும் குணப்படுத்தவில்லை. ஏழு மாசம் இருந்தார், கடைசிப் பேத்தியின் காதுகுத்துக்குப் போனார். அந்த ஏழு மாசத்தைச் சின்னது என்று என் முன்னால் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மருமகனை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருமக் கூடாது, முக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. பலூனுக்குள் டை இருப்பதால் சாதா எக்ஸ்ரேயிலேயே அது தெரியும். கண்ணுக்குப் பின்னால் ஒரு பட்டாணி. வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். பட்டாணி மெல்லச் சுருங்கும், அதற்குள் ஓட்டையைச் சுற்றி ரத்தம் உறைந்து தழும்பு கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தது. பத்து நாளில் சிவப்பு வடிந்தது, கண் உள்ளே போனது.

அக்கா ஒருநாள் ஸ்டெத்தைக் கேட்டு வாங்கினாள். மகன் இமையில் வைத்து ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். "ஒண்ணும் கேக்கலையே தம்பி?" "கேக்கக் கூடாதுக்கா." "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை வைத்துக் கேட்டாள்.

ஆறாவது நரம்பு மட்டும் பிடிவாதம் பிடித்தது. அது எழ மாசக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கைக்குட்டையால் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டே ஐப்பசியும் கார்த்திகையும் போயின. மாட்டுப்பொங்கலன்று காளைக்குக் கொம்பில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான், நீலமும் சிவப்பும். கைக்குட்டை தோளில் கிடந்தது. தலையை நேராக வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் இடது பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, ரெண்டு கொம்புதான்."

பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தான். "ஆமா, ரெண்டுதான்."